முப்பத்தொரு பள்ளங்கள்

பதினேழு பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டில்
பின்கட்டு மட்டும் எனக்கு வாடகை.
நெல் கொட்டிவைத்த அறையின் மூலையில்
தரையோடு ஒட்டவைத்திருக்கிறேன்
ஒரு காந்தம், அதைச் சுற்றி வில்லில் தொங்கும் கம்பிச்சுருள்.
நிலம் அசைந்தால் காந்தம் அசையும்.
சுருள் கொஞ்சம் தயங்கும்.
அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டியது.

பகலில் கூட்டுறவு வங்கியில் காசாளர்.
இரவில் பள்ளத்தூரின் நடுக்கங்களை எண்ணுகிறவள்.

நடுக்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
புதுவயல் அரிசி ஆலைகள் ஆறு மணிக்குப் பல்லைக் கடிக்கும்.
ராமேசுவரம் ரயில் நடு பெருத்து நுனி சிறுத்த கதிராக விழும்.
எதிர்வீட்டுப் பையன் கயிறு தாண்டுவது சீப்பின் பல்.
கல்யாணத்தில் தவிலுக்குத் தடம் உண்டு.
நாதஸ்வரத்தை நிலம் கேட்பதில்லை.

தேவகோட்டையில் சவரிமுத்து ஸ்டூடியோ வைத்திருக்கிறார்.
பாஸ்போர்ட் படம் எட்டு, எண்பது ரூபாய்.
மொட்டைமாடியில் காற்றழுத்தமானி, ஈரம் அளக்க ஒன்று,
மேற்கே திருப்பிய பழைய கேமரா.
உடைவதற்கு முன் பூமி மூச்சு விடும் என்பார்:
பாறை இடுக்கில் வாயு கசியும்,
காற்றில் மின்னேறும்,
மேகம் கயிறாய் முறுக்கிக்கொள்ளும்.
வாரம் ஒன்று எனக்கு வரும்.
‘ஏழு நாளுக்குள்ள. சுமத்ராலேருந்து இமயம் வரைக்கும் எங்கேயாவது. அஞ்சுக்கு மேல.’

அண்ணே, என்றேன்,
அவ்வளவு பெரிய வட்டம் போட்டால்
சுவரில் பல்லி சொன்னாலும் பலிக்கும்.
காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது, சரி.
உட்கார்ந்தும் விழாத நாளை
எந்த நோட்டில் எழுதினீங்க?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.
இரண்டு நோட்டு வாங்கினார்.
பலித்தது ஒன்றில், பலிக்காதது ஒன்றில்.
பலிக்காத நோட்டு சித்திரைக்குள் தீர்ந்துபோக
இன்னொன்று வாங்கினார்.

ஒரு செவ்வாய், இரவு இரண்டு பத்து.
ரயில் நேரமில்லை. ஆலை நேரமில்லை.
கோடு முதலில் மெல்லக் கூசியது.
மூன்றரை நிமிடம் கழித்து
தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் இரண்டாவது அலை.
வீட்டில் ஒன்றும் ஆடவில்லை,
தம்ளரில் தண்ணீர்கூடச் சும்மா இருந்தது.

ஒற்றைக் கருவிக்குத் தூரம்தான் தெரியும்,
திசை தெரியாது.
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு வட்டம் போட்டேன்.
நேபாளத்தைத் தொட்டது.
சுமத்ராவின் நுனியைத் தொட்டது.
பர்மாவையும்.
எங்கே சுவர் விழுந்ததென்று தெரியாமல்
மூன்று ஊருக்கும் சேர்த்து இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பர்மா, என்றது விடிகாலைச் செய்தி.
இந்த வீட்டுத் தூண்கள் அங்கிருந்து கப்பலேறி
வந்துசேர வாரக்கணக்கானதாம்.
இதற்கு நாலேகால் நிமிடம்.

அதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன்.
சவரிமுத்துவின் அழுத்தக் கணக்கைத் திறந்தேன்.
ஆம், நானும்தான்.
காற்றுக்கு ஒரு நாளில் இரண்டு ஏற்றம்,
பத்துக்கும் பத்துக்கும்;
இரண்டு இறக்கம், நாலுக்கும் நாலுக்கும்.
அந்த ஒழுங்கில் ஒரு கீறலைத் தேடினேன்.
ஞாயிறு சாயங்காலம், இருந்தது,
சின்னதாய் ஒரு பள்ளம்.
கை நடுங்கியது. அதையும் கருவி பதிந்திருக்கும்.

பின்னோக்கிப் போனேன், ஓராண்டு.
அதே பள்ளம், அதே ஆழம், முப்பத்தொரு முறை.
முப்பத்தொரு முறையும் பூமி சும்மா இருந்தது.
அத்தனையையும் மறைக்க
திரையில் ஒரு கை போதும்.
வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

ஐந்தே முக்காலுக்குப் போன் செய்தேன்.
‘எத்தனை பேராம்?’ என்றார், எடுத்ததுமே.
இன்னும் தெரியலண்ணே.
‘இந்த வாரம் நான் ஒண்ணுமே சொல்லல.’
ஆமாண்ணே.
பேனா மூடி திறக்கும் சத்தம்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
‘சொல்லாதது நடந்தா
எந்த நோட்டுலம்மா எழுதுறது?’

பதில் யோசிப்பதற்குள் ஆறாகிவிட்டது.
ஆலைகள் தொடங்கின.
கோடு தடித்தது.
அதற்கடியில் பர்மா இன்னொருமுறை நடுங்கியிருந்தாலும்
எனக்குத் தெரிந்திருக்காது.